சீமாட்டி கட்டிய ஏழைகள் மாளிகை

அயர்லாந்து நாட்டின் தலைநகரம் டப்ளின். அங்கே ஒரு பணக்காரர் வீட்டில் ஓர் இளம்பெண் வேலைக்காரியாக இருந்தாள். எஜமானின் போக்கு சரியில்லை. பெண் பயந்துபோனாள். தனக்குத் தெரிந்த ஒரு சீமாட்டியிடம் ஓடி வந்தாள். பத்திரமான இடம் ஒன்றில் தன்னைச் சேர்த்துவிடும்படி கெஞ்சினாள்.

சீமாட்டி, ஆதரவற்ற பெண்களுக்காக நடந்துவந்த ஒரு விடுதிக்குப் போய்க் கேட்டார். கமிட்டி கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவரை யாரையும் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. கமிட்டி கூடுவதற்குச் சில நாட்கள் இருந்தன. அந்தச் சில நாட்களில் எது நடக்கும் என்று அந்தப் பெண் பயந்தாளோ, அது நடந்துவிட்டது. அவளைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று.

சீமாட்டியின் சரித்திரத்தை எழுதியவர்கள் இந்தச் சம்பவத்தைத் தவறாமல் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் அவர் தம் பணத்தையெல்லாம் போட்டு ஒரு பெரிய வீடு கட்டினார். வேலை தேடி நகரத்துக்கு வரும் பெண்கள், வேலை போய் நடுத்தெருவில் நிற்கும் பெண்கள், யாராக இருந்தாலும் வந்து தங்கலாம். கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தச் சீமாட்டியின் பெயர் காதரின் மக்காலி. இன்று உலகத்தின் பல நாடுகளில் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் நடத்திவரும் இரக்கத்தின் சகோதரிகள் என்ற கன்னிகாஸ்திரீகள் சபையை ஆரம்பித்தவர் அவரே. ஆனால் கன்னிகாஸ்திரீ ஆகவேண்டும் என்று அவர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அதுதான் இந்தக் கதையின் வேடிக்கை.

தச்சர் மகள்

சீமாட்டி என்றதும் பிறக்கும்போதே பணத்தில் பிறந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. தகப்பனார் ஜேம்ஸ் மக்காலி தச்சுத் தொழிலில் தொடங்கி, நிலம் வீடு என்று சம்பாதித்து முன்னுக்கு வந்தவர். அக்காலத்தில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் பல விதத்தில் ஒடுக்கப்பட்டிருந்தார்கள். சொத்து வாங்குவதற்கும் பள்ளிக்கூடம் நடத்துவதற்கும் உத்தியோகம் பார்ப்பதற்கும் சட்டத்தில் தடைகள் இருந்தன. அந்தச் சட்டங்கள் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த நிலையிலும் ஜேம்ஸ் ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளைத் தம் வீட்டுக்கு அழைத்து வேதபாடம் சொல்லிக் கொடுப்பார். நாகரிகப் பிரியையான அவர் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அழுக்குத் துணியோடு குழந்தைகள் வீட்டுக்குள் வருவதா என்று முகத்தைச் சுளிப்பாளாம்.

ஜேம்ஸ் 1783-ம் ஆண்டிலே காலமாகிவிட்டார். அப்போது மூத்த மகள் காதரின் சின்னஞ்சிறுமி. தங்கை மேரியும் தம்பி ஜேம்ஸும் கைக்குழந்தைகள். தாயாருக்கு வரவுக்குத் தக்க செலவு செய்யத் தெரியவில்லை. சொத்து ஒவ்வொன்றாக விலை போயிற்று. 1798-ல் அந்த அம்மாளும் இறந்தாள். பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள்.

காதரின் முதலில் மாமன் வீட்டில் இருந்தார். அந்த மாமன் ஒரு டாக்டர். அவரும் நொடித்துப்போனார். உண்ண ரொட்டி தவிர வேறொன்றும் இல்லாத நாட்கள், தரையில் படுத்துறங்கிய இரவுகள் எல்லாம் அந்த வீட்டில் உண்டு. பிறகு புரொட்டஸ்டண்டு மதத்தைச் சேர்ந்த உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போனார். தங்கையும் தம்பியும் அந்த வீட்டு மதத்தையே தழுவிவிட்டார்கள். காதரின் மட்டும் தகப்பனார் மதத்தை விடவில்லை. சோறு போடுகிற வீட்டில் தினமும் தம் மதத்தைக் கேலி செய்வதைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லத் தெரியாமல் விழித்துக்கொண்டு, அந்த இளம்பெண் இருந்திருக்கிறார். வெளியே போய்ப் பாதிரிமார்களிடம் சந்தேகம் கேட்டு, புத்தகம் படித்து, மெதுவாகத் தெளிந்தார்.

சிலுவை இல்லாத வீடு

அந்த உறவினருக்கு கல்லகன் என்று ஒரு சிநேகிதர். மருந்து வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்தவர். குழந்தைகள் இல்லை. அவர் மனைவி குவேக்கர் என்னும் மதப்பிரிவில் பிறந்தவள். ஆடம்பரமும் சடங்கும் கூடாது என்பவர்கள் குவேக்கர்கள். வயதான இந்தத் தம்பதி டப்ளினுக்கு அருகே கூலக் என்ற இடத்தில் பெரிய பங்களா ஒன்று வாங்கினார்கள். துணைக்கு வந்திருக்கும்படி காதரினை அழைத்துக்கொண்டார்கள்.

போன இடத்தில் சுமார் இருபது ஆண்டுகள் இருந்தார் காதரின். மகள் மாதிரியே நடத்தினார்கள். ஆனால் வீட்டுக்குள் சிலுவையோ சுரூபமோ வைக்கக் கூடாது. கதவுப் பலகைகளில் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சேரும் இடத்தையும், தோட்டத்து மரக்கிளைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தையும் சிலுவையாக எண்ணிக்கொண்டு அவர் பிரார்த்தனை செய்வது வழக்கம்.

வீட்டு நிர்வாகம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. ஓய்ந்த நேரத்தில் கிராமத்து ஏழைகள் குடிசைகளுக்குப் போவார். பெண்குழந்தைகளுக்குத் தையல் கற்றுக் கொடுப்பார். கல்லகன் அம்மாள் பல ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தார். மருந்து வியாபாரி வீட்டில் இருந்ததால் மருந்துகளின் குணமும் தெரிந்துகொண்டார். இதெல்லாம் பின்னால் வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த அம்மாள் 1819-ல் இறந்தாள். கல்லகன் 1822-ம் ஆண்டு நவம்பரில் இறந்தார். சாவதற்குச் சற்று முன்பு அவரும் கத்தோலிக்கரானார்.

உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். கூலக் பங்களாவும் மற்ற ஆஸ்தியும் காதரினுக்கு. மொத்தம் ஏறக்குறைய 25,000 பவுன். ஒரு வேலைக்காரப் பெண் வருஷம் முழுவதும் உழைத்தால் சில பவுன்கள் கிடைக்கும் காலம் அது. உறவினர் சிலர் ஆட்சேபித்தார்கள். உயில் நிலைத்தது.

காதரினுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. திடீரென்று டப்ளினின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராகிவிட்டார்.

கிட்டியின் பைத்தியம்

அவர் வைரமும் பட்டும் வாங்கவில்லை. இடம் தேடினார். ஏழைகளுக்கு ஒரு வீடு என்றால் ஊர்க்கோடியில், விலை மலிந்த மனையில் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அவர் செய்தது வேறு. பேகட் தெரு என்பது டப்ளினில் பிரபுக்களும் வக்கீல்களும் டாக்டர்களும் குடியிருந்த தெரு. அங்கேயே 1824-ல் மனையைக் குத்தகைக்கு எடுத்தார். பணக்காரர்கள் வீட்டு வாசலிலேயே ஏழைகள் இருக்க வேண்டும், தினமும் கண்ணில் பட வேண்டும் என்பது அவர் எண்ணம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய பெரிய வகுப்பறைகள், வேலையில்லாத பெண்கள் தங்குவதற்குக் கூடங்கள், பிரார்த்தனைக்கு ஓர் இடம் என்று கட்டடம் வளர்ந்தது. செல்லமாக அவரை கிட்டி என்று அழைக்கும் தம்பி ஜேம்ஸ், அந்தக் கட்டடத்துக்குக் கிட்டியின் பைத்தியம் என்று பெயர் வைத்தார்.

1827-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி வீடு திறக்கப்பட்டது. அன்று இரக்கத்தின் மாதா திருநாள். அதனால் இரக்கத்தின் வீடு என்ற பெயரே நிலைத்தது. தர்மத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தம் வீட்டில் இருந்துகொள்வதுதான் அக்காலத்துச் சீமாட்டிகளின் வழக்கம். காதரினோ கூலக் பங்களாவை விற்றுவிட்டு இந்த வீட்டுக்கே குடிவந்தார்.

முதலில் பள்ளிக்கூடம். அடுத்தது தங்கும் விடுதி. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் வந்து படுக்கும் பெண்கள் பலர். வேலை இல்லாதவர்களுக்குத் தையல், சலவை, சமையல் கற்றுக்கொடுத்து நல்ல குடும்பங்களில் வேலை தேடிக் கொடுத்தார்கள். பெரிய இடத்துப் பெண்கள் சிலர் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே தங்கவும் ஆரம்பித்தார்கள். அயர்லாந்தின் மக்கள் தலைவரான டேனியல் ஓ'கானல் கிறிஸ்துமஸ் அன்று வந்து, ஏழைக் குழந்தைகளுக்குத் தம் கையால் விருந்து பரிமாறியதும் உண்டு.

ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பார்க்கப் போகவேண்டும் என்று காதரினுக்கு ஆசை. ஆனால் ஆஸ்பத்திரிகள் புரொட்டஸ்டண்டு நிர்வாகத்தில் இருந்தன. அவர் சண்டை போடவில்லை. சீமாட்டிகளைப் போல நன்றாக உடுத்திக்கொண்டு, தம் வண்டியில் சர் பாட்ரிக் டன் ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினார். மரியாதையாக உள்ளே அழைத்துச் சென்று காட்டினார்கள். நோயாளிகளிடம் நாலு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். தாராளமாக என்றார்கள். அன்று திறந்த கதவு பிறகு மூடவில்லை. இந்த அம்மாளுக்குப் பக்தி மட்டுமல்ல, காரியம் சாதிக்கும் சாமர்த்தியமும் இருந்தது.

ஒன்பது குழந்தைகள்

வீடு திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு தங்கை மேரி நோயில் இறந்தாள். அவள் கணவர் டாக்டர் வில்லியம், தீவிர புரொட்டஸ்டண்டு. மேரி கடைசிக் காலத்தில் கணவருக்குத் தெரியாமல் கத்தோலிக்க மதத்துக்குத் திரும்பிவிட்டாள். இது காதரின் செய்த வேலை என்று தெரிந்தபோது அந்த மனிதர் கத்தியை எடுக்கப் போனார் என்றும், காதரின் இரவு உடையோடு இருட்டில் தெருவில் ஓடி ஒரு சிநேகிதர் வீட்டில் புகுந்தார் என்றும் சொல்வார்கள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டார் டாக்டர். காதரினும் திரும்பிப் போனார். தாயில்லாக் குழந்தைகள் ஐந்து பேர் அங்கே இருந்தார்களே! 1829-ம் ஆண்டு தொடக்கத்தில் டாக்டரும் இறந்தார். மாமன் வீட்டுக்குப் போகிறீர்களா, பெரியம்மா வீட்டுக்குப் போகிறீர்களா என்று குழந்தைகளைக் கேட்டார்கள். ஐந்து பேரும் பெரியம்மாவையே கேட்டார்கள்.

இவர்களுக்கு முன்பே நாலு அநாதைக் குழந்தைகளை அவர் எடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். ஆக மொத்தம் ஒன்பது. பிள்ளை பெறாத அந்த அம்மாள் ஒன்பது பிள்ளைகளுக்குத் தாயானார்.

வந்தது வம்பு

வீடு நன்றாக நடந்தது. அதுவே ஆபத்தாக முடிந்தது.

அங்கிருந்த பெண்கள் ஒரே மாதிரி கறுப்பு உடை உடுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்தார்கள். சேர்ந்து பிரார்த்தனை செய்தார்கள். இதைப் பார்த்த ஊரில் பேச்சு கிளம்பிற்று. இவர்கள் கன்னிகாஸ்திரீகளா, இல்லையா? கன்னிகாஸ்திரீகள் என்றால் விரதம் எங்கே, மடத்தின் விதிகள் எங்கே? இல்லையென்றால் எதற்கு இந்த வேஷம்? ஏற்கனவே டப்ளினில் தர்மச் சகோதரிகள் என்று ஒரு சபை நடந்துவந்தது. அதற்குப் போகும் நன்கொடை இங்கே வந்துவிடும் என்ற கவலையும் சிலருக்கு.

ஒரு பெண் தனியாக இவ்வளவு பெரிய காரியத்தை நடத்துவதையே பலரால் பொறுக்க முடியவில்லை. ஆண்களுக்குப் போடும் பட்டப்பெயரைப் போட்டு, கனவான் மக்காலி அவர்களுக்கு என்று விலாசம் எழுதி, ஒரு கிண்டல் கடிதம் வந்தது. ஒரு நாள் ஒரு பாதிரியார் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இந்த வீட்டைத் தர்மச் சகோதரிகளிடம் ஒப்படைக்க ஆர்ச்பிஷப் முடிவு செய்துவிட்டார், நீங்கள் வேண்டுமானால் இரண்டொரு அறைகளை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொந்தப் பணத்தில் கட்டிய வீடு! காதரின் கலங்கிப்போனார். ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. ஆர்ச்பிஷப் மர்ரேக்குக் கடிதம் எழுதினார். அவர் நேரில் வந்து, அப்படி ஒரு உத்தரவு தாம் இடவே இல்லை என்றார். ஆனால் அவரும் ஒன்று சொன்னார். இப்படி ஒரு கன்னிமாடம் தானாகவே முளைத்துவிடும் என்று தாம் நினைக்கவில்லை என்றார். அதன் பொருள் காதரினுக்கு விளங்கிற்று.

இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, அந்த உடையையும் பழக்கங்களையும் விட்டுவிட்டுச் சாதாரணத் தர்ம ஸ்தாபனமாக இருப்பது. அப்படி இருந்தால் தமக்குப் பிறகு அது கலைந்துபோகலாம். மற்றொன்று, முறைப்படி கன்னிகாஸ்திரீகளின் சபையாக மாறுவது.

அவருக்கு மடத்து வாழ்க்கை பிடிக்காது. இத்தனை ஆண்டுகள் புரொட்டஸ்டண்டுகள் நடுவே வாழ்ந்தவர். மடத்துச் சடங்கும், தலைவியைக் கண்டால் மண்டியிடுவதும் அவருக்கு ஒட்டவில்லை. மடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தால் ஏழைகள் குடிசைக்கு யார் போவது? இருந்தாலும், வாசலில் வந்து நிற்கும் பெண்கள் அவர் கண்முன் நின்றார்கள். வீடு நிலைக்க வேண்டுமானால் தாம் மாற வேண்டும் என்று தீர்மானித்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் மாணவி

1830-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, இரண்டு தோழிகளோடு ஜார்ஜ் ஹில் என்ற இடத்திலிருந்த பிரசன்டேஷன் கன்னிமாடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். வயது ஐம்பத்திரண்டு ஆகப்போகிறது. பெரிய வீட்டுக்கு எஜமானியாக இருந்தவர், சின்னப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பயிற்சி கொடுத்த கன்னிகாஸ்திரீ கண்டிப்புக்காரர். காரணமில்லாமல்கூடக் கண்டிப்பார். காதரின் வாய் திறக்கவில்லை.

அங்கே இருந்த பதினைந்து மாதங்கள் அவருக்குப் பெரிய சோதனை. மடத்துக் கஷ்டம் அல்ல காரணம். பேகட் தெருவில் அவர் விட்டுவந்த இளம்பெண்கள், தலைவி இல்லாத நேரத்தில் பக்திவெறியில் பட்டினியும் தவமுமாக உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். காரோலைன் மர்பி என்ற பெண் 1831 ஜூனில் இறந்துபோனாள். சேதி கேட்டும் காதரினால் போகமுடியவில்லை. உடன் சேர்ந்த தோழி எலிசபெத் ஹார்லியும் மடத்தில் குளிரும் ஈரமுமான அறையில் வேலை செய்து க்ஷயரோகம் பிடித்தவளானாள். அவள் விரதம் எடுத்து நாலு மாதத்திலேயே போய்விட்டாள்.

1831-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி மூவரும் விரதம் எடுத்துக்கொண்டார்கள். காதரின் அன்றே பேகட் தெருவுக்குத் திரும்பிவிட்டார். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அந்தத் தேதிதான் சபையின் பிறந்தநாள். தம்மை மதர் என்று அழைக்கக் கூடாது என்று வாதாடிப் பார்த்தார். ஒரு மதராவது இருக்கத்தான் வேண்டும் என்று ஆர்ச்பிஷப் முடித்துவிட்டார்.

மடத்துக்குள் அடைபட்டிருக்கும் விதியை மட்டும் அவர் ஏற்கவில்லை. அவருடைய சகோதரிகள் தெருவில் நடந்துபோய் ஏழைகளைப் பார்ப்பார்கள். நடக்கும் கன்னிகாஸ்திரீகள் என்று ஜனங்கள் பெயரிட்டார்கள்.

காலரா

சபைக்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1832-ல் டப்ளினில் காலரா புகுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர்கள் விஷம் வைத்துக் கொன்றுவிடுவார்கள், உயிரோடு புதைத்துவிடுவார்கள் என்றெல்லாம் ஜனங்களிடையே வதந்தி. நோய் கண்டவர்களை வீட்டிலேயே ஒளித்துவைத்தார்கள். டவுன்சென்ட் தெருவில் திறந்த தற்காலிக ஆஸ்பத்திரிக்குக் காதரினும் சகோதரிகளும் முறைவைத்துக்கொண்டு போனார்கள். கறுப்பு உடைச் சகோதரிகளை அங்கே பார்த்த பிறகுதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது. சுமார் ஏழு மாதம் இந்த வேலை நடந்தது.

பிரசவித்த கையோடு ஒரு பெண் காலராவில் இறந்தாள். குழந்தையை யாரும் தொடவில்லை. காதரின் அதைத் தம் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, தம் அறையிலேயே படுக்கவைத்தார்.

கையில் காசில்லை

கல்லகனின் ஆஸ்தி கரைந்தது. கட்டடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகப் போய்விட்டது. ஒருகாலத்தில் பெரும் பணக்காரியாக இருந்தவர் வீடுவீடாக நன்கொடை கேட்டார். சந்தை நடத்தினார். சலவைச்சாலை வைத்துப் பணம் தேடினார். கிங்ஸ்டவுன் என்ற துறைமுகத்தில் பள்ளிக்கூடம் கட்டப்போய், 50 பவுன் தருவதாகச் சொன்னவர் தலையில் 450 பவுன் கடன் விழுந்தது. வழக்குப் போட்டார்கள். கோர்ட்டுச் சேவகனிடம் சிக்காமல் ஒளிந்திருக்க வேண்டிய நிலைமை. கடைசியில் அந்த ஊர் மடத்தையே மூடினார்.

பூசை செய்யப் பாதிரியார் ஒருவரைத் தனியாகக் கொடுக்க முடியாது என்று பேகட் தெருவின் பங்குக் குரு பிடிவாதம் பிடித்தார். குளிர்காலத்து விடியற்காலையில் சகோதரிகளும் அநாதைக் குழந்தைகளும் வெளியே கோயிலுக்கு நடந்தார்கள். இந்தத் தகராறு 1837 முதல் இரண்டு ஆண்டு இழுத்தது. வெளியார் எதிர்ப்பைத் தாங்கியதைவிட, சொந்தத் திருச்சபைக்குள்ளே நடந்த இந்த இழுபறியைத் தாங்கியதுதான் அவருக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது என்று அவர் கடிதங்களைப் படித்தால் தோன்றும்.

அந்தக் கடிதங்கள் இருநூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. மதத் தலைவியின் உபதேசத்தை எதிர்பார்த்துப் பிரிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கேலியும் கிண்டலும் விகடப் பாட்டுமாக இருக்கும். பல்வலி, படகில் தூக்கம் வராதது, யாருக்குச் செருப்பு இல்லை என்பது எல்லாம் இருக்கும். அவற்றின் நடுவே திடீரென்று ஒரு சாவுச் செய்தி வரும்.

சாவுகள் அவரை விடவில்லை. தங்கை மகள்கள் இருவரும் சகோதரிகளாகச் சேர்ந்தவர்கள். ஒருத்தி 1833-ல், அடுத்தவள் 1837-ல் இறந்தாள். அடுத்தவளுக்குப் பதினெட்டு வயதுதான். மருமகன் ராபர்ட் அவரோடு மனஸ்தாபப்பட்டு விலகியவன், சமாதானம் ஆவதற்குள் 1840-ல் மாண்டான். கண்டிப்பாக எழுதிவிட்டோமே என்று அவர் தவித்தார். கடைசிப் பையன் வில்லி கப்பலேறிப் போனவன். அவனும் இறந்துவிட்டான் என்றே அவர் நினைத்திருந்தார். ஆனால் வில்லி சாகவில்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறிப் பல்லாண்டு வாழ்ந்தான். முதுமையில் அங்கிருந்த சகோதரிகளுக்குத் தன் பெரியம்மாவைப் பற்றிய நினைவுகளை எழுதி அனுப்பினான். அது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

இத்தனைக்கும் நடுவே சபை வளர்ந்தது. டல்லமோர், கார்லோ, கார்க், லிமரிக், கால்வே என்று ஊருக்கு ஊர் அழைத்தார்கள். கால்வாய்ப் படகிலும் திறந்த வண்டியிலும் மழையில் நனைந்துகொண்டு அவர் போவார். புதிய மடத்தில் முப்பது நாள் போல உடன் இருப்பார். பிறகு ஓர் இளம்பெண்ணைத் தலைவியாக வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். கார்க் மடத்தின் தலைவி கிளேர் மூருக்கு வயது இருபத்து மூன்று. ஒவ்வொரு மடமும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பேகட் தெருவிலிருந்து அதிகாரம் செய்யமாட்டார். அப்படி விட்டுக்கொடுக்கும் மனம் ஸ்தாபகர்களுக்கு எளிதில் வராது. 1839-ல் லண்டனில் பெர்மண்ட்ஸியிலும், 1841-ல் பர்மிங்காமிலும் மடங்கள் ஏற்பட்டன.

கடைசி இரவு

1841 செப்டம்பரில் பர்மிங்காமிலிருந்து திரும்பும்போதே இருமல் முற்றியிருந்தது. க்ஷயரோகம். சபையின் விதிகளுக்கு ரோமாபுரியிலிருந்து அங்கீகாரம் அந்த ஆண்டுதான் கிடைத்திருந்தது. அவர் காத்திருந்ததும் அதற்காகத்தான் போலும்.

நவம்பர் 10-ந் தேதி இரவு ஒரு சகோதரியிடம் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, பிரித்துப் பார்க்காமல் அடுப்பில் போட்டுவிடச் சொன்னார். தவத்துக்காக அவர் ரகசியமாக உபயோகித்து வந்த பொருள்கள் அதில் இருந்தன என்று கருதப்படுகிறது. மறுநாள் தம்பி ஜேம்ஸும் குடும்பத்தினரும் வந்து பார்த்தார்கள். கிட்டியின் பைத்தியம் என்று கேலி செய்த அதே வீட்டில், தமக்கையின் படுக்கையருகே நின்றார் தம்பி.

சுற்றி நின்று அழுத சகோதரிகளைப் பார்த்தார் காதரின். அவர்கள் இரவெல்லாம் கண்விழித்தவர்கள். தாம் போன பிறகு எல்லோருக்கும் நல்ல தேநீராகப் போட்டுக் கொடுக்கும்படி ஒருத்தியிடம் ஏற்பாடு செய்தார். அன்று, 1841 நவம்பர் 11-ந் தேதி, உயிர் பிரிந்தது. பெரிய மனிதர்களைப் போலக் கல்லறை மண்டபத்தில் வைக்காமல், ஏழைகளைப் போல மண்ணிலே புதைக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். மடத்துத் தோட்டத்தில் அப்படியே செய்தார்கள். சபை ஆரம்பித்துப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போது சகோதரிகளின் எண்ணிக்கை சுமார் 150.

1842-ல் நியூபவுண்ட்லாந்துக்கும், 1843-ல் அமெரிக்காவிலே பிட்ஸ்பர்க்குக்கும், 1846-ல் ஆஸ்திரேலியாவிலே பெர்த்துக்கும் சகோதரிகள் போய்ச் சேர்ந்தார்கள். 1854-ல் கிரிமியா யுத்தத்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோடு காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்யப் போனவர்களில், கார்க்கிலிருந்து பெர்மண்ட்ஸிக்கு மாறியிருந்த அதே கிளேர் மூரும் ஒருவர். இருவரும் ஆயுள்வரை சிநேகிதிகளாக இருந்தார்கள். டப்ளினில் மாட்டர் என்று அழைக்கப்படும் பெரிய ஆஸ்பத்திரியைச் சபை 1861-ல் திறந்தது.

கறையும் உண்டு. அயர்லாந்தில் இருபதாம் நூற்றாண்டில் குழந்தைகள் தங்கிய தொழிற்பள்ளிகளில் நடந்த கொடுமைகளைப் பற்றி 2009-ல் விசாரணைக் கமிஷனின் அறிக்கை வெளியாயிற்று. இந்தச் சபை நடத்திய பள்ளிகளும் அதில் இடம்பெற்றன. சபை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வாசலில் வந்தவளைக் காக்கவைக்கக் கூடாது என்று கட்டிய வீட்டின் வாரிசுகளிடம், அடைக்கலம் வந்த குழந்தைகள் அடிபட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது.

1990-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், காதரினுக்கு வணக்கத்துக்குரியவர் என்ற பட்டம் அளித்தார். 1994-ல் அயர்லாந்தில் வெளியான ஐந்து பவுன் நோட்டில் அவர் உருவம் அச்சாயிற்று. யூரோ நாணயம் வந்தபோது, 2002-ல் அந்த நோட்டு போயிற்று. பேகட் தெரு வீடு 1994-லிருந்து சபையின் சர்வதேச மையமாக இருக்கிறது. தோட்டத்தில் அவர் சமாதியும் அங்கேதான்.